வெற்றிலை உரல்: இடப்பெயர்வு எழுத்துகள் பற்றி ஒரு வாசகக் குறிப்பு

நான் விமர்சகன் அல்லன். புளத்கொகுபிட்டியப் பக்கத்தில் ஒரு கிராமப் பாடசாலையில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் விடுதி நண்பர்களோடு காசு சேர்த்துச் சிற்றிதழ்கள் வாங்கி வாசித்த பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. எனது தகுதி அவ்வளவுதான். எனவே இக்குறிப்பை ஒரு வாசகனின் மனக்குறையாக எடுத்துக்கொண்டால் போதுமானது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மலையகமும் சப்ரகமுவவும் மீண்டும் ஒருமுறை மண்சரிவைக் கண்டன. அதன் பிறகு எழுதப்பட்ட கவிதைகளும் கதைகளும் ஓரளவு எனது கைக்கு வந்தன. சில அச்சில் வந்தவை. சில நண்பர்கள் அபிப்பிராயம் கேட்டுக் கையெழுத்துப் பிரதியாகவே தந்தவை. இவற்றை வாசித்தபோது ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்து கண்ணில் உறுத்தியது. அச்சொல் 'அற்பம்'. உயிர் தப்பியதே பெரிது, வீடு அற்பம், தளபாடம் அற்பம், சேர்த்து வைத்த நகை அற்பம் என்று இந்தப் படைப்புகள் அடுக்கிக்கொண்டே போகின்றன. 1990 வெளியேற்றம் பற்றி நமது எழுத்தாளர்கள் எழுதியவற்றிலும் இதே சொல்லைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

இந்தச் சொல்லை யார் சொல்லலாம் என்பதே இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நெருக்கடியில் விட்டுவிட வேண்டியவற்றை விட்டுவிடத்தான் வேண்டும். எங்கள் பகுதியில் இது தத்துவம் அல்ல, நடைமுறை. 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்துவிட்டால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுக்கிறது. வீட்டை விட்டு வெளியேறு என்பதே அதன் பொருள். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் எங்கள் புளத்கொகுபிட்டியப் பிரிவில் களுபஹன தோட்டத்து லயம் மண்ணுக்குள் போனது. மலை இறங்கிவரும்போது பெட்டி கட்ட நேரம் இல்லை. பெட்டிக்காகத் திரும்பிப் போனவர் திரும்பி வருவது உறுதியில்லை. இதை மறுத்து நான் எதுவும் எழுதவில்லை.

ஆனால் வாழ்க்கையில் சரியாக இருக்கும் ஒரு புத்திமதி, கதைக்குள் வரும்போது பொய்யாகிவிட முடியும். எப்படி என்று பார்ப்போம்.

எனது கையில் உள்ள கதைகளில் ஒருவகையானவை இப்படி அமைகின்றன. மழை. அயலவர் கூக்குரல். ஒருவர் தனது மோட்டார் சைக்கிளையோ கடைச் சாமானையோ நினைத்து முகாமில் அழுகிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு குழந்தையின் ஜனாஸாவை அல்லது பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அழுதவர் வெட்கித் தலைகுனிகிறார். பெரியவர் ஒருவர் நாலு வார்த்தை சொல்கிறார். கதை முடிகிறது. பெயர்களைத் தவிர்த்தே எழுதுகிறேன். இது தனி ஒருவரின் குறை அல்ல, நம்மிடையே பரவியுள்ள ஓர் அச்சு. இதன் கோளாறு எங்கே? அழுதவருக்குப் பாடம் புகட்டுவதற்காக ஒரு குழந்தையைக் கதாசிரியர் சாகடித்திருக்கிறார். அந்தக் குழந்தைக்குப் பெயர் இல்லை, தாய் இல்லை. மோட்டார் சைக்கிளுக்காவது ஓர் உரிமையாளர் இருந்தார். அந்த மோட்டார் சைக்கிளில்தான் அவர் காலையில் மீன் விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார் என்ற விபரமும் கதையில் இராது. விபரம் வந்துவிட்டால் அது அற்பமாக இருக்காது அல்லவா?

மற்றொரு வகை கவிதைகள். இவை நேர் எதிர்த் திசையில் செல்கின்றன. இழந்தவை எல்லாம் ஒரு பட்டியலாக வருகின்றன. கிணற்றடி, முருங்கைமரம், வாப்பாவின் சாய்மனைக் கதிரை, உம்மாவின் தையல் இயந்திரம், பள்ளிவாசல் ஹவுழ். ஒவ்வொன்றும் ஒரு வரி. வாசிக்கும்போது முதலில் நெஞ்சு கனக்கிறது. பத்தாவது கவிதையில் கனம் குறைகிறது. காரணம், பட்டியலில் எல்லாமே ஒரே நிறை. முருங்கைமரமும் தையல் இயந்திரமும் ஒரே வரியளவு. உண்மையில் வீட்டை விட்டு இறங்கியவளுக்கு அவை ஒரே நிறை அல்ல. ஒன்றைத் தூக்கினாள், ஒன்றை வைத்தாள். எதைத் தூக்கினாள், எதை எந்த மனதோடு வைத்தாள் என்பதில்தான் கவிதை இருக்கிறது. அந்த இடத்தைப் பட்டியல் தாண்டிப் போய்விடுகிறது.

முதல்வகை எழுத்து எல்லாவற்றையும் விடச் சொல்கிறது. இரண்டாம் வகை எதையும் விட மறுக்கிறது. சுமந்து சென்ற மனிதர் எதை முதலில் வைப்பது, எதைக் கடைசிவரை வைத்திருப்பது என்று நிதானித்ததை இரண்டுமே பார்க்கவில்லை.

வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றத்தை எடுத்துக்கொள்வோம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி உத்தரவிட்டார்கள். கையில் ஒரு சிறு தொகைக்கு மேல் பணம் கொண்டுபோக விடவில்லை. சோதனைத் தடைகளில் பெண்களின் காதிலும் கையிலும் இருந்தவற்றையும் வாங்கிக்கொண்டார்கள் என்பது அவர்களின் வாக்குமூலங்களில் பதிவான செய்தி. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் அக்காலத்தில் துரத்தப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினர்.

இங்கே எது முக்கியம், எது முக்கியமற்றது என்பதைத் தீர்மானித்தது யார்? துப்பாக்கி வைத்திருந்தவன். அந்தச் சிறு தொகைக்கு மேற்பட்டதெல்லாம் உனக்குத் தேவையில்லை என்று அவன் சொன்னான். அப்படியிருக்க, நமது கதைசொல்லியும் முகாமுக்கு வந்து 'பொருள் அற்பம்' என்று பேசும்போது, தன்னையறியாமலே அவன் குரலுக்குக் குரல் கொடுத்துவிடுகிறார். நோக்கம் ஆறுதல்தான். ஆனால் பறிக்கப்பட்டதற்கும் விடப்பட்டதற்கும் உள்ள வேறுபாடு அங்கே அழிந்துவிடுகிறது. விடுவது ஒரு செயல். பறிகொடுப்பது செயல் அல்ல.

இன்னொன்றும் உண்டு. அந்த இரண்டு மணித்தியாலத்தில் பலர் காணி உறுதியை எடுக்கவில்லை. பிள்ளைகளையும் பால்மாவையும் பார்ப்பார்களா, கடதாசியைப் பார்ப்பார்களா? இரண்டொரு கிழமையில் திரும்பிவிடலாம் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்து காணிக்குத் திரும்பியபோது அந்தக் கடதாசி இல்லாதவர்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. அன்று அற்பமாக இருந்தது பத்தொன்பது வருடத்தின் பின் அற்பமாக இருக்கவில்லை. இதற்காக உறுதியை விட்டுவந்தவரைக் குறைசொல்ல முடியுமா? முடியாது. அந்த நேரத்துக்கு அவர் செய்தது சரி. பொருளின் நிறை காலத்தோடு மாறும் என்பதை அவர் அனுபவித்தார். இதை எழுத ஒரு நாவல் தேவை. அதை நாம் இன்னும் போதிய அளவு எழுதவில்லை என்பது எனது எண்ணம்.

நமது மரபில் இதற்கு முன்மாதிரி இல்லையா என்று யாரும் கேட்கலாம். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மூன்றாம் காண்டம் ஹிஜ்றத்துக் காண்டம். ஊரை விட்டுப் போனதையே ஒரு காண்டத்தின் பெயராக வைத்த காவிய மரபு நம்முடையது. ஹிஜ்றத் பற்றிய வரலாற்று நூல்களில் இரண்டு செய்திகள் வருகின்றன. இரண்டையும் தனித்தனியே கேட்டிருக்கிறோம், அருகருகே வைத்துப் பார்த்தது குறைவு.

ஒன்று சுஹைப் (ரழி) அவர்களுடையது. வெறுங்கையோடு மக்காவுக்கு வந்து செல்வம் சேர்த்தவர். போகும்போது செல்வத்தோடு போக விடமாட்டோம் என்று குறைஷியர் மறித்தார்கள். முழுவதையும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வியாபாரம் இலாபமானது என்று நபி (ஸல்) அவர்கள் பிறகு கூறியதாக வரலாறு. மற்றது அலி (ரழி) அவர்களுடையது. மக்காவாசிகள் நபியவர்களை நம்பி ஒப்படைத்திருந்த அமானிதப் பொருட்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அவர் பின்தங்கினார். உயிருக்கு ஆபத்து இருந்த ஊரில், பகைத்து நின்ற மக்களின் பொருளுக்காகப் பின்தங்கினார்.

இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. தனது சொத்தை முழுவதும் விடலாம். பிறர் நம்பித் தந்த சிறு பொருளையும் விட முடியாது. முக்கியம் என்பது பொருளின் விலையில் இல்லை. அப்பொருள் நம்மை யாரோடு கட்டிவைத்திருக்கிறது என்பதில் இருக்கிறது. அத்தோடு, சுஹைப் அவர்களுக்கு 'விட்டுவிடு' என்று வெளியிலிருந்து எவரும் புத்தி சொல்லவில்லை. முடிவு அவருடையது. பாராட்டு பின்னால் வந்தது. நமது கதைகளில் பாராட்டும் புத்தியும் முன்னால் வந்துவிடுகின்றன. மனிதர் முடிவெடுக்க முந்தியே கதாசிரியர் எடுத்துவிடுகிறார்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். எங்கள் மாவட்டத்தில் தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள். எனது வகுப்பில் கிராமத்து முஸ்லிம் பிள்ளைகளோடு தோட்டத்துப் பிள்ளைகளும் அமர்கிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவில் வாழும் குடும்பத்துக்கு அந்தச் சுவரும் சொந்தமில்லை, கூரையும் சொந்தமில்லை. அது தோட்டத்தினுடையது. சி.வி. வேலுப்பிள்ளை தமது நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயர் வைத்தது சும்மா அல்ல. சொந்தம் என்று இருப்பது கையில் தூக்கக்கூடிய சாமான் மட்டுமே. அவர்களிடம் போய் 'சாமானை விடுங்கள், உயிர்தான் முக்கியம்' என்றால், இருக்கும் சொந்தம் முழுவதையும் விடச் சொல்கிறோம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று கொழும்பிலிருந்து கேட்டார்கள். போய் இறங்க ஒரு துண்டு நிலம் யார் கொடுத்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

இவ்வளவும் எழுதிய நான் எனது தவறையும் சொல்லிவிட வேண்டும். இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

2016 மண்சரிவுக்குச் சில வாரங்களின் பின் பாடசாலை வழமைக்குத் திரும்பியபோது எட்டாம் தரத்துக்கு ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். 'அவசரத்தில் நாம் எடுத்துச் சென்ற முக்கியமான பொருட்கள்'. தலைப்பிலேயே 'முக்கியமான' என்று போட்டுவிட்டேன். பிள்ளைகள் விடயமறிந்து எழுதினார்கள். அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், மருந்து, டோர்ச் லைட். கிராம உத்தியோகத்தர் சொன்ன பட்டியல் அப்படியே வந்தது. தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி மட்டும் ஒரு பக்கம் முழுக்கத் தனது அப்பாயியின் வெற்றிலை உரலைப் பற்றி எழுதியிருந்தாள். வெற்றிலைக்குரிய சிங்களச் சொல்லைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர் எங்களுடையது. உரல் இல்லாத வீடு அன்று குறைவு. அப்பா சத்தம் போட்டாராம். "மல வருது, இந்த இரும்ப தூக்கிக்கிட்டு வாறியா" என்று. கிழவி உரலை விட மறுத்து முந்தானையில் முடிந்துகொண்டாளாம். அன்றிரவு தங்கியிருந்த மண்டபத்தில் எவருக்கும் நித்திரை இல்லை. கிழவி வெற்றிலை இடிக்கத் தொடங்கியிருக்கிறாள். பல்லில்லாத கிழவிகள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியும் வந்து, கையை நீட்டி வாங்கி, வாயில் போட்டுக்கொண்டு அதன்பின்னர்தான் அழுதாளாம்.

நான் என்ன செய்தேன்? சிவப்புப் பேனையால் பதினொரு எழுத்துப்பிழைகளைச் சுழித்தேன். 'ஒரல்' என்பதை 'உரல்' என்று திருத்தினேன். ஓரத்தில் 'தலைப்போடு தொடர்பில்லை' என்று எழுதினேன். இருபதுக்கு ஒன்பது.

கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் மேசையடிக்கு வந்தாள். "சேர், அப்ப அப்பாயி ஒரலப் பத்தி எழுதக் கூடாதுங்களா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. சட்டம் என்ன என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள். 'முக்கியமானதைத்தான் எழுத வேண்டும்' என்று நான் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அடுத்த கட்டுரைகளில் அவளும் மற்றவர்களைப் போலவே எழுதினாள். பிழை குறைந்தது. உரல் திரும்ப வரவில்லை.

அன்று மாலை அந்தப் பக்கத்தை மறுபடியும் நினைத்தபோதுதான் நான் செய்த காரியம் புரிந்தது. முகாமில் நின்று பிரசங்கம் செய்யும் கதாசிரியர்களை மேலே குறைசொன்னேன். நான் அதையே செய்தேன், மதிப்பெண்ணும் போட்டேன். முக்கியம் எது என்பதை அனுபவித்தவள் அவள். வெளியில் நின்று அற்பம் என்றவன் நான். அந்த நேரத்தில் உண்மையில் விட்டுவிட வேண்டிய அற்பமான பொருள் ஒன்று இருந்தது. அது எனது கையில் இருந்த சிவப்புப் பேனை.

எழுத்துப்பிழை திருத்த வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் அந்தப் பிழைகளுக்குப் புள்ளி குறையும், புள்ளி குறைந்தால் அவளுக்கு முன்னால் இருக்கும் கதவுகள் சாத்தப்படும். திருத்தத்தான் வேண்டும், அன்றைக்கு அல்ல. விட்டுவிடுவது வேறு, கீழே வைப்பது வேறு. கீழே வைத்ததைப் பிறகு எடுக்கலாம். இப்போது நான் கட்டுரைகளை இரண்டு தடவை வாசிக்கிறேன். முதல் தடவை பேனை மேசையில் கிடக்கும்.

நமது எழுத்தாளர்களிடமும் இதைத்தான் எதிர்பார்க்கிறேன். ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? முல்லை முஸ்ரிபா என்று ஒரு கவிஞர். முல்லை என்பது முல்லைத்தீவு. திக்குவல்லை கமால், ஓட்டமாவடி அறபாத், மாத்தளை சோமு, தெளிவத்தை ஜோசப். தெளிவத்தை என்பது ஒரு தோட்டத்தின் பெயர். ஊரை விட்டு வந்தவர்களும் ஊரிலேயே இருந்தவர்களும் ஊர்ப்பெயரைத் தமது பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார்கள். எந்தச் சோதனைத் தடையிலும் பறிக்க முடியாத பொருள் அது, நிறையும் இல்லை. மற்றதெல்லாம் போன பிறகும் எதைக் கொண்டுபோவது என்று நமது எழுத்தாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தெரிவைக் கதைக்குள்ளும் அனுமதித்தால் போதும்.

கடைசியாக நமது இலக்கிய வட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 பொருளாதார நெருக்கடியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது. அச்சுக்கூலியும் கடதாசி விலையும் ஏறியபோது சிற்றிதழ்கள் பக்கம் குறைக்க வேண்டி வந்தது. அப்போது எதை விட்டோம்? சில இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். பொன்னாடை போர்த்திய படங்கள் குறையவில்லை. வாழ்த்துரைகள் குறையவில்லை. 'இஸ்லாமியத் தமிழ் இலக்கியம்' என்பதா 'முஸ்லிம் தமிழ் இலக்கியம்' என்பதா என்ற பழைய வழக்கும் தொடர்ந்தது. குறைந்தவை புதியவர்களின் கதைகளும் வாசகர் கடிதங்களும். அறுபது பக்கக் கவிதை நூலில் அணிந்துரை, மதிப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று இருபது பக்கம் போகும் வழக்கத்தையும் நாம் விடவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு 'அற்பத்தை விடு' என்று எழுதும் கை, தனது அற்பத்தை விட இவ்வளவு தயங்குவது ஏன்?

மழைக்காலம் இனியும் வரும். மண்சரிவு வரும். அதைப் பற்றிய கதைகளும் இந்த இதழுக்கு வரும். அவற்றில் எந்தக் கிழவியாவது ஓர் உரலைத் தூக்கிக்கொண்டு வந்தால், அதை இறக்கி வைக்கச் சொல்லாத ஆசிரியர்களாக நாம் இருப்போம். அந்தப் பிள்ளை இப்போது பாடசாலையை விட்டுப் போய்விட்டாள். அவளுடைய கொப்பி என்னிடம் இல்லை. அந்த ஒரு பக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளாமல் விட்டது எனக்கு இன்றும் குறையாகவே இருக்கிறது.